கவனம் அண்ணை காய்ச்சிய மேப்பிள் பாணி

கவனம் அண்ணையை விடப் பயந்த மனுசன் கனடாவின் ஸ்காபரோவில் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் வீட்டைவிட்டு வெளியே வந்திருக்க மாட்டான்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தேத்தண்ணி தந்தால் "கவனம், சுடும்" என்பார். அது எப்போதோ ஆறியிருக்கும். தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

இப்படிப்பட்டவரின் பின்வளவில்தான் தெருவிலேயே பெரிய மேப்பிள் மரம் நின்றது. போன மார்ச்சில், மரச்சாற்றை இனிப்புப் பாணியாகக் காய்ச்சுகிற பண்ணையைப் பள்ளிக்கூடத்தோடு பார்த்து வந்த பிள்ளைகள், என் மகள் ஆரணி தலைமையில் அவர் வாசலில் போய் நின்றார்கள்.

"அங்கிள், உங்கட மரத்தில ஒரு ஓட்டை போடுவமா? ப்ளீஸ்!"

கதவைச் சாத்திவிட்டார். பின்னேரம் வேலியடியில் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நான் மாட்டன் எண்டால் உதுகள் களவாய் வந்து துளைக்குங்கள். அது இன்னும் ஆபத்தெல்லே?"

சனிக்கிழமை எல்லாப் பிள்ளைகளின் தலையிலும் சைக்கிள் ஹெல்மெட். கொப்பு முறிந்து விழுந்தால்? அவர் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பியபடி மரத்தைத் துளைத்தார். குழாயைச் செருகியதும் வாளியில் சாறு சொட்டுச் சொட்டாய் விழுந்தது.

"தண்ணி மாதிரிக் கிடக்கு. மரத்துக்கு ஏதும் வருத்தமோ?"

"காய்ச்சினாத்தான் பாணி, அங்கிள்!"

வெளியில் காய்ச்சுங்கள் என்று எல்லோரும் சொன்னோம். காற்றில் நெருப்பு வேலியில் பிடித்துவிடும் என்று பயந்து, குசினிக்குள் அடுப்பில் பெரிய பானையை ஏற்றினார். மத்தியானம் முழுக்க ஆவி. சுவரிலிருந்து கலண்டர் தானாகக் கழன்று விழுந்தது. குசினிக்குள் நின்றவர்களை இருமலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். அந்த நேரம்தான் புகை அலாரம் அலறியது.

"வெளியால! எல்லாரும் வெளியால!"

அடுப்பை அணைத்து, எங்கள் எல்லோரையும் முன்வாசல் பனிக்குள் தள்ளினார். திரும்பிப் பார்த்தேன். ஆரணியைக் காணவில்லை. அவளின் பூட்ஸ் கதவடியில் கிடந்தது.

நான் குனிந்து அதை எடுக்க முன்னமே, அண்ணை வெறும் காலுறையோடு உள்ளே ஓடிவிட்டார். ஆவியின் வெள்ளை மூட்டத்துக்குள் அவர் குரல் மட்டும் கேட்டது. "ஆரணி! எங்கையம்மா நிக்கிறாய்?" ஒவ்வொரு கதவாக அடிபட்டது.

நானும் உள்ளே பாயப்போன நேரம், பின்வளவிலிருந்து வீட்டின் பக்கவாட்டால் ஆரணி வந்தாள். காலில் வேறு யாருடையதோ பெரிய பூட்ஸ். கையில் பிளாஸ்டர் பெட்டி.

"மரத்துக்கு நோகும் அம்மா. ஒட்டிவிட்டனான்."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "அண்ணை! அண்ணை!" என்று கத்தினேன். அலாரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. உள்ளே போனேன். படுக்கையறையில் குப்புறப்படுத்து, கட்டிலுக்கடியில் கையால் துழாவிக்கொண்டிருந்தார்.

"இஞ்சையும் இல்லைத் தங்கச்சி... இஞ்சையும் இல்லை..."

"வெளியில நிக்கிறாள் அண்ணை. ஒண்டுமில்லை."

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். எழும்ப நேரம் எடுத்தது. வாசலுக்கு வந்ததும் ஆரணியை ஏசக் குரலை உயர்த்தினேன். அவர் குறுக்கே வந்து நின்றார்.

"ஏசாதேங்கோ. காது குளிருதோ பிள்ளை?"

அவ்வளவு பெரிய பானையில் மிஞ்சியது அடியில் கொஞ்சம், கருகல் மணத்தோடு. நான் தோசை சுட்டுக்கொண்டு வந்தேன். முதல் கரண்டியை அவரே குடித்து, தனக்கு ஏதும் நடக்கிறதா என்று கண்ணை மூடிக் காத்திருந்தார். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். கடைசியில், "ஒண்டும் செய்யேல்லை. இனிக் குடுங்கோ" என்றார்.

இப்போது ஆரணி அவர் வளவில் விளையாடும்போது நான் யன்னலால் எட்டிப் பார்ப்பதில்லை.