ரப்பர் தூளில் தெரிந்த மூளை

காலை ஆறரை மணிக்கே சலவைக் கடை மாடிப்படியில் நிற்க இடமில்லை. கடைசிப் படியில் நின்றவன் நான். கையில் ஒரு பொட்டலம். பொட்டலத்துக்குள் என் மகள் அழித்த ரப்பர் தூள். சிரிக்காதீர்கள், எனக்கு முன்னால் நின்ற நாற்பது பேர் கையிலும் அதே சரக்குதான்.

மேலே இருந்தவர் தூள் சார். எங்கள் ஊரில் ஒரு பெரிய பள்ளி உண்டு. நுழைவுத் தேர்வில் தேறினால்தான் ஆறாம் வகுப்பில் இடம். அதற்குப் பாடம் சொல்லித்தரத் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். பாடமே சொல்லித்தராமல் தேறவைக்கிறவர் தூள் சார் ஒருவர்தான். பிள்ளை ஒரு தாளில் பென்சிலால் கிறுக்கி, அதை மூன்று நிமிடம் அழிக்க வேண்டும். விழுந்த தூளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, மூளையில் எந்த இடத்தில் அடைப்பு என்று சொல்லிவிடுவார். அடைப்பு நீங்க, அவரிடமே விற்கும் ரப்பரால் தினமும் இரண்டு மணி நேரம் வெறும் தாளை அழிக்க வேண்டும். புத்தகத்தைத் தொடக் கூடாது. தொட்டால் தூள் கலங்கிவிடுமாம்.

போன வருடம் அவரிடம் வந்தவர்களில் பதினோரு பேர் தேறினார்கள். வந்தவர்கள் நானூறு பேர். மிச்சப் பேரெல்லாம் ஈரக் கையோடு அழித்துவிட்டார்கள் என்று கேள்வி.

“என் பையனுக்குச் சுருள் சுருளா வருதுங்க,” என்றார் முடிதிருத்தும் கடைக்காரர்.

“சுருள்னா கணக்கு. உருண்டைன்னா மொழி,” என்றார் தையல்காரம்மா.

“பொடிப்பொடியா வந்தா?” என்று மெதுவாகக் கேட்டார் ஒரு கொத்தனார்.

பக்கத்தில் நின்றவர் தன் பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டார், ஒட்டிக்கொள்ளும் நோய் பாருங்கள்.

என் மகளுக்குப் பத்து வயது. அந்தப் பள்ளியில் ஆளுயர எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்ட நாள் முதல், அங்கேதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். ஒரு மாதமாக அவள் ஒரு கணக்குக்கூடப் போடவில்லை. அழித்து அழித்து ஆள்காட்டி விரலில் கொப்புளம். அதைப் பார்த்துவிட்டுத்தான் என் அக்காவும் அன்று கூடவே வந்தாள். அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

நாங்கள் போனபோது தூள் சார் தன் நேர அட்டவணையில் ஒரு பெயரை அழித்து இன்னொரு பெயரை எழுதிக்கொண்டிருந்தார். மகளின் பொட்டலத்தைப் பார்த்தார். “அடைப்பு இன்னும் கால்வாசி பாக்கி,” என்றார். அதற்குள் அக்கா கைக்குட்டையால் மேசையைத் துடைத்தாள். எங்கே போனாலும் அவள் அப்படித்தான், தொழில் புத்தி என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

“ஏன்டா, நீயெல்லாம் படிச்சவன்தானே?”

“இத்தனை பேர் போறாங்களேக்கா.”

“எங்க லேப்ல யாரோட ரத்தம்னு பேரைப் பார்த்து ரிசல்ட் எழுத மாட்டோம். நம்பர் மட்டும்தான். சந்தேகம் வந்தா ஒரே ரத்தத்தை ரெண்டு குழாய்ல ஊத்திக் குடுப்போம். ரெண்டு மாதிரி ரிசல்ட் வந்தா மிஷின்ல கோளாறு.”

“சார் மிஷின் இல்லக்கா.”

“அதான் எனக்கும் பயம்.”

இரண்டு நாள் கழித்து மறுபடி போனோம். மகள் கணக்குப் புத்தகத்தை ஒளித்து எடுத்துவந்திருந்தாள். அறை முழுக்கப் பெற்றோர். அக்கா இரண்டு பொட்டலங்களை மேசைமேல் வைத்தாள்.

“இது டாக்டர் வீட்டுப் பையனோடது. அது லாரி டிரைவர் வீட்டுப் பொண்ணோடது. பார்த்துச் சொல்லுங்க சார்.”

முதல் பொட்டலத்தைப் பார்த்து தூள் சார் கண் கலங்கினார். “பரம்பரை மூளைம்மா. தீட்டாத வைரம். பன்னிரண்டு ஸ்பெஷல் கிளாஸ் போதும்.” இரண்டாவதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். “அடிப்படையே இல்ல. சாதாரணப் பள்ளிக்கூடமே கஷ்டம். பன்னிரண்டு ஸ்பெஷல் கிளாஸ் வேணும்.”

“ரெண்டும் ஒரே தூள் சார். நான்தான் பாதிப் பாதியாப் பிரிச்சேன்.”

“பிரிச்சா சக்தி மாறும்மா,” என்றார் அவர், கூசாமல். கூட்டம் தலையாட்டியது. எனக்கே ஒரு நொடி நியாயமாகத்தான் பட்டது. அவ்வளவு முற்றியிருந்தது என் வியாதி.

“யாரோட தூள்னு கேக்கலையே நீங்க. உங்களோடதுதான். அன்னிக்கு இந்த மேசையில இருந்து துடைச்சேன்.”

தூள் சார் யோசித்தார். “அப்படின்னா டாக்டர் வீட்டுப் பொட்டலம் என்னோடது,” என்றார்.

“அப்போ அந்த இன்னொண்ணு?” என்று கேட்டார் முடிதிருத்தும் கடைக்காரர்.

அவர் பதில் தேடுவதற்குள் என் மகள் புத்தகத்தை நீட்டினாள். “சார், இந்த ஒரு கணக்கு மட்டும் சொல்லித் தாங்க. நாலு பேர் ஆறு நாள்ல கட்டுற சுவரை மூணு பேர் எத்தனை நாள்ல கட்டுவாங்க?”

தூள் சார் பென்சிலை எடுத்தார். நாலரை என்று எழுதினார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். அழித்தார். ஐந்து என்று எழுதினார். அழித்தார். ஏழு. அழித்தார். தாளில் ஓட்டை விழுந்தது. நாற்பது பேரும் எட்டிப் பார்த்தோம். விடையை அல்ல, தூளை. அவரே சொல்லிக்கொடுத்த பாடம் அது, வீணாகப் போகுமா?

“பொடிப்பொடியால்ல வருது,” என்றார் தையல்காரம்மா.

“எட்டு நாள்,” என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல். கொத்தனார். “நாலு பேர் ஆறு நாள்னா மொத்தம் இருபத்திநாலு ஆள் வேலை பாப்பா. அதை மூணு பேர் பங்கு போட்டா ஆளுக்கு எட்டு. ஆள் குறைஞ்சா நாள் கூடத்தானே செய்யும்?”

“ஓ, அவ்வளவுதானா,” என்றாள் மகள். ஒரு மாதமாக அவளுக்குக் கிடைக்காத வாத்தியார் எங்களோடு வரிசையில்தான் நின்றிருக்கிறார், பொட்டலத்தை மறைத்துக்கொண்டு. எனக்கு வெட்கமாக இருந்தது.

மிச்சமிருந்த பத்து நாளும் அக்காவும் நானும் அவளோடு உட்கார்ந்தோம். கொத்தனார் சாயங்காலங்களில் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் நாள் அவள் ஒரு தப்பை அழித்ததும் நான் பழக்க தோஷத்தில் தூளைக் குனிந்து பார்த்தேன். அவள் ஊதிவிட்டாள். என் கண்ணில் விழுந்தது. வேண்டியதுதான் எனக்கு.

தேர்வு எழுதிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. சுவர்க் கணக்கு வந்ததாம், எட்டு என்று எழுதினாளாம்.

சலவைக் கடை மாடி இப்போது காலி. ஆனால் அடுத்த தெருவில் ஒருவர் வந்திருக்கிறார். பென்சில் நுனியில் பிள்ளை கடித்த பல் தடத்தைப் பார்த்து மதிப்பெண் சொல்கிறாராம். காலை ஆறரைக்கே வரிசை. கையில் கடித்த பென்சிலோடு நிற்கும் பெரியவர்களே, போன முறை உங்களோடு நின்றவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன்: பிள்ளையின் ரப்பரைப் பார்த்தீர்கள், பென்சிலைப் பார்த்தீர்கள், நோட்டை என்றைக்குத் திறந்து பார்க்கப்போகிறீர்கள்?