ஏழு டிகிரி குறைவாகக் காட்டிய மாப்பிள்ளை

ஆற்றோர விடுதி, அறை எண் நான்கு
வியாழக்கிழமை, காலை பத்து மணி

மிகுந்த மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். இடது முழங்காலும் வலது தோளும் மட்டும் நலமில்லை, அவை இரண்டும் தங்கள் உபயம். நேற்று மாலை பஸ்ஸில் தாங்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மகளின் நலம் அறிய ஆவலாக இருக்கிறேன். தங்கள் நலத்தை மரியாதைக்காகக் கேட்டு வைக்கிறேன்.

இதைப் போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் என் வாய் என் பேச்சைக் கேட்காது. இரண்டாவது நிமிஷமே ஒருமைக்கு இறங்கிவிடும். கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் உங்களை நான் 'நீ' என்று சொன்னதில்லை. மரியாதை குறையாமல் திட்டுவதற்குக் கடிதம்தான் சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுப் பின்னறையை எனக்கு ஒழித்துக் கொடுப்பதற்கு என் மகள் ஒரு நிபந்தனை போட்டாள். "அஞ்சு நாள் ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்து பாருங்கப்பா. சண்டை போடாம திரும்பி வந்தீங்கன்னா மாசக் கடைசியில பெட்டிய எடுத்துக்கிட்டு வந்துடுங்க. இல்லேன்னா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கெடந்து என்னால முடியாது" என்றாள். உங்கள் அத்தை போன பிறகு இரண்டு வருஷமாக ஒற்றை டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறவன் நான். அந்த அறை எனக்கு வேண்டியிருந்தது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த ஒரே காரணத்துக்காகத்தான், மீன் கடைக்குப் போனால்கூட மீனை விட்டுவிட்டுத் தராசையே பார்க்கிற நான், கோடை விடுமுறைக்கு மலையேறி டிரவுட் மீன் பிடிக்க வருகிறேன் என்று தலையாட்டினேன்.

முதல் நாள் விடிந்ததும் விடியாததுமாக என்னை எழுப்பி, மார்பு வரைக்கும் வருகிற ரப்பர் கால்சட்டைக்குள் இறக்கினீர்கள். ஒரு பக்கம் நீங்களும் ஒரு பக்கம் விடுதிச் சமையல்கார அம்மாளும் பிடித்து, மூட்டைக்குள் சாமான் திணிக்கிற மாதிரி என்னைக் குலுக்கிக் குலுக்கி இறக்கியதை, விடுதியில் தங்கியிருக்கிற பல் டாக்டரும் அவர் மனைவியும் இன்னும் இரண்டு பேரும் வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். புழு வைத்துப் பிடித்தால் என்ன என்று கேட்டேன், ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவனைப் போல என்னைப் பார்த்தீர்கள். கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றி ஈ மாதிரி செய்த ஒன்றைக் கொடுத்து, மீன் இதை நிஜ ஈ என்று நம்பிக் கடிக்கும் என்றீர்கள். எடை அளவு ஆய்வாளராக முப்பத்திரண்டு வருஷம் போலியைப் பிடித்துக் கடைக்குச் சீல் வைத்தவன் கையில் ஒரு போலி ஈயைக் கொடுத்து, போய் ஏமாற்றுங்கள் என்றீர்கள். அதையும் வாங்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். பாசி பிடித்த கல்லில் முழங்கால் போனது. தூண்டில் கம்பைப் பின்னால் வீசி முன்னால் வீசி, அந்த ஈ மூன்று தடவை புதரில் மாட்டியது, ஒரு தடவை என் தொப்பியில், ஒரு தடவை பல் டாக்டரின் ஸ்வெட்டரில். நீங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, மணிக்கட்டை மடக்காதீர்கள் மாமா, நிழல் தண்ணீரில் விழுகிறது மாமா, மூச்சை மெதுவாக விடுங்கள் மாமா என்று ஓதிக்கொண்டே இருந்தீர்கள். என்னைப் பெற்ற அப்பாகூட மூச்சு விடுவதில் குறை சொன்னதில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த வெப்பமானி? உங்கள் பால் பண்ணை ஆய்வகத்திலிருந்து நீங்கள் கொண்டு வந்த, நூற்றுப்பத்து வரைக்கும் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்? அதை அரை மணிக்கு ஒரு தடவை ஆற்றில் முக்கிப் பார்ப்பீர்கள். தண்ணீர் இருபது டிகிரியைத் தாண்டினால் மீனுக்கு மூச்சுத் திணறும், அந்த நேரத்தில் பிடித்துத் திரும்ப விட்டாலும் பிழைக்காது, ஆகவே கம்பைச் சுருட்ட வேண்டும், இது ஆற்று விதி என்றீர்கள். விதி என்று சொன்னால் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். இரண்டாம் நாள், பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பெரிய பாறைக்குப் பின்னால் ஒரு மீன் என் ஈயைப் பார்த்து மேலே வந்தது. அதன் முதுகுப் புள்ளிகளை எண்ணியிருப்பேன், அவ்வளவு பக்கத்தில் வந்தது. வாயைத் திறக்கப்போகிறது, அந்த நேரம் பார்த்து முதுகுக்குப் பின்னால் உங்கள் குரல். "மாமா, இருபது தாண்டிருச்சு. சுருட்டிடுங்க."

சுருட்டினேன். அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவே இல்லை.

மூன்றாம் நாள், அதாவது நேற்றுக் காலை, தண்ணீர் பதினாறு டிகிரி என்று அறிவித்துவிட்டு, என்னுடைய அதே பாறைக்குப் பின்னால், என்னுடைய அதே மீனை, இரண்டாவது வீச்சில் நீங்கள் பிடித்தீர்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருந்தது. கையை நனைத்துக்கொண்டு, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அதைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி, ஓட்டத்தைப் பார்த்துத் திருப்பி விட்டுவிட்டீர்கள். எடை போடவில்லை! ஒரு எடை அளவு ஆய்வாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! சுமார் ஒண்ணேகால் கிலோ இருக்கும் மாமா என்று சிரித்தீர்கள். 'சுமார்' என்ற வார்த்தையைச் சொன்னவர்களுக்கு என் உத்தியோக காலத்தில் நோட்டீஸ் போயிருக்கிறது.

எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. நான் பிடிக்கப்போனால் இருபது, நீங்கள் பிடிக்கப்போனால் பதினாறு, இது என்ன நியாயம்? எங்கள் அலுவலகத்தில் ஒரு கருவியைச் சந்தேகப்பட்டால், அளவு தெரிந்த ஒன்றை அதில் வைத்துப் பார்ப்போம். ஒரு கிலோ படிக்கல்லை வைத்தால் ஒரு கிலோ காட்ட வேண்டும், அவ்வளவுதான். கொதிக்கிற தண்ணீர் நூறு டிகிரி என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே நேற்று மத்தியானம் சமையலறைக்குப் போய், தளதளவென்று கொதிக்கிற கெட்டிலுக்குள் உங்கள் வெப்பமானியை விட்டேன். தொண்ணூற்று மூன்று. மறுபடி விட்டேன். தொண்ணூற்று மூன்று. ஏழு டிகிரி குறைவு! அப்படியானால் உங்கள் பதினாறு உண்மையில் இருபத்துமூன்று. முந்தாநாள் என்னை நிறுத்திய இருபது உண்மையில் இருபத்தேழு. விதியைச் சொல்லிச் சொல்லியே விதியை மீறியது மட்டுமில்லாமல், முப்பத்திரண்டு வருஷம் ஒரு கிராம் தப்புப் பண்ணாத என்னையும் அதற்கு உடந்தை ஆக்கிவிட்டீர்கள்.

அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் நான் பேசியதற்காக வருத்தப்படுவேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். வெப்பமானியை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னேனோ அதையே இப்போதும் சொல்கிறேன். "பொய் அளவு வெச்சிருக்கறவன் கடைக்குள்ளயே நான் தண்ணி குடிச்சதில்ல. அப்பேர்ப்பட்டவர் வீட்டுல போயி நான் குடியிருக்கறதா?" பல் டாக்டரின் கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒரு வார்த்தை மறுத்தீர்களா? வெப்பமானியை என் கையிலிருந்து வாங்கித் துடைத்தீர்கள், உறையில் போட்டீர்கள், "சரி மாமா" என்றீர்கள். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். மாப்பிள்ளை, நான் எத்தனை கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்! தப்பில்லாதவன் சத்தம் போடுவான், சட்டம் பேசுவான், மேலதிகாரிக்கு எழுதுவேன் என்பான். மாட்டிக்கொண்டவன்தான் வாயை மூடிக்கொண்டு நிற்பான். உங்கள் மௌனத்தை நான் ஒப்புதல் வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே என் தீர்மானம். அந்தப் பின்னறையில் நீங்கள் தாராளமாகத் தூண்டில் கம்புகளை அடுக்கிக்கொள்ளலாம். நான் வரவில்லை. மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்குச் சொல்லத் தெம்பில்லை. தனியாக இருந்து எனக்குப் பழகிவிட்டது, ஒற்றை டம்ளர் கழுவுவதற்கும் சுலபம்.

தாங்களும் என் மகளும் நோய்நொடி இல்லாமல், மனம் ஒத்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். கோபத்திலும் இதை நான் மனதாரத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: மத்தியானம் இரண்டரை மணி. இந்தக் கடிதத்தை பஸ்காரரிடம் சேர்க்கச் சொல்லிச் சமையல்கார அம்மாளிடம் கொடுக்கப் போனேன். நேற்றுக் கெட்டிலுக்குள் விட்டுப் பார்த்தீர்களே, எவ்வளவு காட்டியது என்று விசாரித்தார். தொண்ணூற்று மூன்று என்றேன், கொஞ்சம் கர்வமாகவே.

"சரியாத்தானே காட்டியிருக்கு சார். இந்த உசரத்துல தண்ணி அதுலயே கொதிச்சிரும். பயறு வேக மாட்டேங்குதுன்னுதானே நான் விடியறதுக்கு முன்னாடியே அடுப்புப் பத்த வெக்கிறேன்" என்றார்.

நான் நம்பவில்லை. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறது, எத்தனை மீட்டர் உயரத்தில் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தேன். இந்த விடுதியின் உயரத்துக்கு நேராகத் தொண்ணூற்று மூன்று என்றுதான் அச்சடித்திருக்கிறது. போதாததற்கு அந்த அம்மாள், "இருபத்திமூணு டிகிரி தண்ணியில நின்னவருக்கு நேத்து ஏன் சார் பல்லு அப்படிக் கிட்டிச்சு?" என்று வேறு கேட்டார். தராசும் படிக்கல்லும் லிட்டர் குவளையும் எந்த மலையில் வைத்தாலும் நான் தப்பில்லாமல் சோதிப்பேன், தண்ணீர் எங்கள் இலாகாவில் வராது.

ஆனால் உங்கள் இலாகாவில் வரும். பதினெட்டு வருஷமாகப் பால் காய்ச்சுகிற இடத்தில் வெப்பமானி பார்க்கிறவர் நீங்கள். மேசையில் நான் அதைத் தூக்கிக் காட்டியபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நான்கு பேரும் என்னைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம் என்று நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். அதைத்தான் நான் மேலே வாக்குமூலம் என்று எழுதியிருக்கிறேன்.

கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். உங்கள் முகத்துக்கு நேராக நான் பேசியது இதைவிட மோசம், அதைக் கிழிக்க முடியாதே என்று அப்படியே அனுப்புகிறேன். இன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் அதே நான்கு பேர் முன்னால் எழுந்து நின்று, தப்பு என் பேரில் என்று சொல்லிவிட்டேன். பல் டாக்டர் சிரித்தார், நன்றாகவே சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அந்த அறை விஷயத்தை மகளிடம் கேட்க மாட்டேன், உங்களிடம்தான் கேட்கிறேன். நான் வரலாமா, கூடாதா? எதுவாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள், திட்டுவதானாலும் திட்டுங்கள். இந்த ஒரு தடவை மட்டும் பேசாமல் இருந்துவிடாதீர்கள், மாப்பிள்ளை.