இன்ஜின் போக மீதி பதினேழு

ஒரு பொருளைப் பிரிக்கத் தெரிந்தவர்கள், அதைச் சேர்க்கவும் தங்களுக்குத் தெரியும் என்று நம்பிவிடுகிறார்கள். ஆண்களிடம் இந்த வியாதி கொஞ்சம் அதிகம். எனக்கு அது முற்றிப்போயிருந்த சமயத்தில்தான் கல்யாணம் ஆனது.

அப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. டிப்ளமோ மெக்கானிக்கல். வரிசையில் நகர்ந்து வரும் ஒவ்வொரு வண்டியிலும் ஒரே ஒரு தகட்டை வைத்து நான்கு திருகுகளை முடுக்க வேண்டும். ஐந்தாவது திருகு பக்கத்தில் நிற்பவருடைய இலாகா. தலைக்கு மேலே படம் போட்ட அட்டை தொங்கும். அதைப் பார்க்காமல் எதையும் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். (நான்கு திருகுக்கு எதற்கு அட்டை என்று கேட்காதீர்கள். நான் மூன்றோடு நிறுத்திக்கொண்ட நாட்களும் உண்டு.)

பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர் என்னை "இன்ஜினியர்" என்று சொல்லிவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த இடத்தில் ஒரு "இல்லீங்க" போதும். நான் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

மனைவி மலரிடம் கல்யாணமான மறுவாரமே உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். வைகாசி போனது, ஆனி போனது, நான் சொல்லவில்லை.

காரணம் பயம்தான். மாமனார் ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் தண்டவாளத்தோரமாகவே நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்புச் சாவிகளில் எது தளர்ந்திருக்கிறது என்று பார்த்து, சுத்தியலால் தட்டி இறுக்குகிற வேலை. அதிகம் பேசமாட்டார், பார்ப்பார். அவர் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் எது கழன்றிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார் போலவே இருக்கும்.

இந்த நிலையில் தலை ஆடி வந்தது. கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து விருந்து வைப்பார்கள். விருந்து முடிந்ததும் பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு மாப்பிள்ளை மட்டும் திரும்ப வேண்டும். வெறுங்கையோடு போக வேண்டாம் என்று மாமாவுக்கு ஒரு பரிசு வாங்கினேன். உள்ளங்கை அகலத்தில் மூன்று பளபளக்கும் தகடுகள். துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, மடக்கி, அவற்றின் ஓரத்தில் நீட்டியிருக்கும் காதுகளை ஓட்டைக்குள் நுழைத்துத் திருகினால் கைக்கு அடக்கமாக ஒரு நீராவி இன்ஜின் வரும். எது எங்கே என்று படம் போட்ட தாளும் கூடவே இருந்தது.

அந்தத் தாளை ஓசூரிலேயே ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன். மறதி இல்லை, வேண்டுமென்றேதான்.

"அந்தப் பேப்பர எடுத்துக்கிட்டீங்களா?" என்று பஸ்ஸில் மலர் கேட்டாள்.

"எதுக்கு? இன்ஜினியரு பேப்பரப் பாத்துப் பாத்து மாட்டுனா நல்லாவா இருக்கும்?"

"நீங்கதான் இன்ஜினியரு இல்லியே."

பஸ் தருமபுரி வரும்வரை நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வத்தல்மலை அடிவாரத்தில் அவர்கள் ஊர். ஆடி முதல் நாள் என்பதால் தெருவெல்லாம் வெல்லம் அடைத்துக் குச்சியில் செருகிய தேங்காயைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வெல்ல வாசனைக்கு நடுவே, கூடத்தில் பாய் விரித்து, மாமாவுக்கு முன்னால் தகடுகளை எடுத்து வைத்தேன். "இதுல இஞ்சினு வருங்களா?" என்றார். "ஒரு மணி நேரத்துல பாருங்க மாமா" என்றேன். ரயில்வேக்காரர் வீட்டில் மாப்பிள்ளை ரயில் செய்கிறாராம் என்று அக்கம்பக்கத்தினர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

முதல் காரியமாக நான் செய்தது, மூன்று தகடுகளிலிருந்தும் எல்லாத் துண்டுகளையும் வெட்டி எடுத்து ஒரு தாம்பாளத்தில் கொட்டியது. காய் முழுவதையும் நறுக்கி வைத்துக்கொண்டுதான் எங்கள் அம்மா அடுப்பையே பற்றவைப்பார். அந்த வளர்ப்பு. துண்டுகளின் எண்கள் துண்டுகளில் இல்லை, சுற்றியிருந்த சட்டத்தில்தான் பொறிக்கப்பட்டிருந்தன என்பதை, தாம்பாளம் நிறைந்த பிறகுதான் கவனித்தேன். அதற்குள் வெற்றுச் சட்டங்களை அத்தை பெருக்கி வாரிக் குப்பையில் போட்டுவிட்டார்.

பெட்டியின் மேல் ஒரு படம் இருந்தது. அது இன்ஜினின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டியது. மறுபக்கத்தை என் அறிவுக்கு விட்டுவைத்திருந்தார்கள்.

செல்போனில் பார்த்துவிடலாம் என்றால் எல்லோர் கண்ணும் என் மேலேயே இருந்தது. "இதோ வந்துடறேன்" என்று கொல்லைப்பக்கம் பாத்ரூமுக்குப் போனேன். மலையடிவாரம், டவர் ஒரு கோடு வரும், போகும். கையை வென்டிலேட்டருக்கு வெளியே நீட்டிப் பார்த்தும் வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து இரண்டு துண்டுகளை மாட்டினேன். மறுபடியும் போனேன். நான்காவது தடவை கதவைத் திறந்தபோது வாசலில் அத்தை ஒரு சொம்போடு நின்றார்.

"ஓமத் தண்ணிங்க மாப்ள. வவுத்துக்கு நல்லது. கூச்சப்படாம குடிங்க."

குடித்தேன். வேறு என்ன செய்வது?

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் காதுகளை ஒரு தடவை மடக்கலாம், தப்பென்றால் நிமிர்த்தலாம், மூன்றாவது தடவை கையோடு வந்துவிடும். எனக்கு ஒன்பது கையோடு வந்தன. கொதிகலனுக்கான தகட்டைப் பேனாவின் மேல் சுருட்டினேன். விட்டதும் துள்ளி விரிந்து பக்கத்து வீட்டுக்காரர் மடியில் விழுந்தது. ஒரு பக்கம் ஐந்து சக்கரங்கள் வந்தன, மறுபக்கம் மூன்று. புகைபோக்கி ஓட்டுநர் உட்கார வேண்டிய இடத்தில் நின்றது. ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமானது. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து போகும்போது, "குக்கரு நல்லா வந்துருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே பாராட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை.

மாமா மட்டும் அசையாமல் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் இலை போட்டார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு, வறுவல். வாசனை தெரு முனை வரை போயிருக்கும். மாமா இலையில் குழம்பு விழுந்தது. என் இலையில் மோர் சாதமும் ஒரு நார்த்தங்காய்த் துண்டும் விழுந்தன.

"வவுறு சரியாவட்டும் மாப்ள. ராத்திரிக்குச் சாப்டுக்கலாம்" என்றார் அத்தை, மிகுந்த பரிவோடு.

மலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த மோர் சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஏதோ விட்டுப்போனது. கோழிக்காகச் சொன்னேனா, மனசாட்சிக்காகச் சொன்னேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

"வயிறு நல்லாத்தான் இருக்குங்க அத்த. இஞ்சின்தான் வரல" என்றேன். பிறகு மாமா பக்கம் திரும்பினேன். "நான் இன்ஜினியர் இல்லீங்க மாமா. நாலு ஸ்க்ரூ மாட்டறவன். அதையும் படம் பாத்துத்தான் மாட்டுவேன். தரகரு சொன்னப்பவே இல்லன்னு சொல்லியிருக்கணும்."

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "அது தெரியுங்க மாப்ள" என்றார்.

"தெரியுங்களா?"

"பொண்ணக் குடுக்கறவன் விசாரிக்காமயா குடுப்பான்? ஓசூருக்கு வந்து உங்க கம்பெனிக்கு எதுத்தாப்புல டீக்கடையில நின்னு நாலு பேரக் கேட்டேன். நல்ல பையன்னாங்க. இன்ஜினியருன்னு ஒருத்தரும் சொல்லல. சரி, என்னைக்கிருந்தாலும் நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. பிறகு, அவரிடம் நான் அதுவரை கேட்டிராத நீளத்துக்குப் பேசினார்.

"ரயில்வேயில வேலைன்னு சொல்லித்தான் நானும் இவளக் கட்டுனேன். ரயிலு ஓட்டற மாப்ளன்னு இவங்கப்பா நெனச்சுக்கிட்டாரு. நான் இல்லன்னு சொல்லல. என் தலை ஆடிக்கு ஊரே கூடி உக்காந்து கேட்டுச்சு, இஞ்சினுக்குள்ள எப்பிடி இருக்கும்னு. எனக்கு என்ன தெரியும்? இஞ்சினு வந்தா எறங்கி ஒதுங்கி நிக்கறவன் நான். கொடியக் காட்டிட்டு, அது போற வரைக்கும் பாத்துட்டு நிப்பேன். வாய்க்கு வந்தத அடிச்சு விட்டேன்."

"எங்கப்பாரு கண்ண மூடற வரைக்கும் ரயிலு ஓட்டற மருமவன்னுதான் சொல்லிட்டுத் திரிஞ்சாரு" என்றார் அத்தை.

மாமா நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"கண்ணாலமாயி மூணா நாளே தெரியும். ரயிலு ஓட்டறவரு சுத்தியலும் கையுமாவா வூட்டுக்கு வருவாரு?"

நாங்கள் மூவரும் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. "அவருகிட்டக் கடைசி வரைக்கும் சொல்ல முடியாமயே போச்சுங்க மாப்ள" என்றார். "நீங்க ரெண்டு மாசத்துல சொல்லிட்டீங்க."

அந்த மனிதர் மேல் எனக்கு அப்போது வந்த பிரியத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நல்லவேளை, அத்தை என் இலையில் இரண்டு கரண்டி கோழிக் குழம்பை ஊற்றினார். குனிந்து சாப்பிட ஒரு சாக்குக் கிடைத்தது.

சாப்பிட்டு முடித்துக் கூடத்துக்கு வந்ததும் மாமா தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"இஞ்சின் போக மீதி எத்தனைங்க மாப்ள?"

எண்ணினேன். "பதினேழுங்க மாமா."

"எங்க லைன்ல ஒரு சாவி கழண்டாலே செவப்புக் கொடி புடிக்கணும்" என்று சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் தாம்பாளத்துத் துண்டுகள் குலுங்கின.

மறுநாள் தனியாக ஓசூர் திரும்பியதும் ஃப்ரிட்ஜ் மேலிருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் படத்திலேயே துண்டுகளையெல்லாம் மொத்தமாக வெட்டிக் குவித்திருப்பது போல வரைந்து, அதன் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. அடுத்த தடவை அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா வாங்கி, மடித்து, இன்ஜினுக்கு அடியில் ஆட்டம் இல்லாமல் இருப்பதற்காக வைத்தார். டி.வி.க்குப் பக்கத்தில் அது இன்றும் அப்படியே நிற்கிறது. பதினேழு துண்டுகளும் ஒரு பழைய மாத்திரை டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன.

அதிலிருந்து அந்த வீட்டில் நான் எதைத் தொட்டாலும் ஒரே கேள்விதான். மிக்ஸியைக் கழற்றி மாட்டினால், "மீதி எத்தன?" மின்விசிறியை மாட்டினால், "மீதி எத்தன?" ஒருமுறை என் சட்டைக்கு நானே பட்டன் தைத்துக்கொண்டதற்கும் கேட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து, தருமபுரியில் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று மாமாவுக்குப் போன் செய்தேன். பெண் குழந்தை, மலர் நன்றாக இருக்கிறாள் என்றேன்.

"கொழந்தைக்கு எல்லாம் சரியா இருக்குதுங்களா மாப்ள?"

"இருக்குதுங்க மாமா. கைவெரலு, கால்வெரலு எல்லாம் நானே எண்ணிப் பாத்துட்டேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"மீதி ஒண்ணும் இல்லீங்களே?"