நான்காவது தெரு

எல்லாப் பொது இடங்களிலும் அந்த இடத்தின் பெயர், பெயரின் பொருள், பெயர் வந்த வழி ஆகிய மூன்றையும் தாங்கிய பலகை நிறுவப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. பக்கத்து நகரத்தில் ஏற்கெனவே வைத்துவிட்டார்களாம். ஜனங்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களாம். எங்கள் நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்துக்கு நான்கு வரி எழுதும் பொறுப்பு, கண்காணிப்பாளர் என்ற முறையில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

'மக்கள் கூடும் இடம்' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஐம்பது தாண்டியவனுக்கு, நம் படிப்பை ஒருவரும் கவனிக்கவில்லையே என்று ஓர் அரிப்பு வருகிறது. அகராதியைப் புரட்டினேன். சதுக்கம், நான்கைக் குறிக்கும் பழைய வடசொல்லின் வழி வந்தது. நான்கு தெருக்கள் கூடும் இடம் என்று பொருள். அப்படியே எழுதி மேலே அனுப்பினேன்.

ஆணையர் ஜன்னல் வழியே விரல் விட்டு எண்ணினார்.

“மூணுதானே இருக்கு?”

“ஆமா சார். கிழக்கே சுவர்.”

“அப்போ இத்தனை வருஷமா நாம பொய் சொல்லிட்டிருக்கோம்.”

“பேரை வேணா முச்சந்தின்னு மாத்திடலாம் சார்.”

“முத்திரை, கடிதத்தாள், பதிவேடு, பஸ் பலகை எல்லாம் மாத்தணும். அதுக்கு அரசாணை வேணும். தெரு போடறதுக்கு என் கையெழுத்து போதும்.”

இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கிழக்குச் சுவரை இடித்தால், பதினோரு எட்டில் நீரேற்று நிலையத்தின் சுவர் வந்துவிடும். அது வேறு துறை. “தெரு எங்க சார் போகும்?” என்று பொறியாளர் கேட்டார். “கூடணும்னுதான் அகராதி சொல்லுது. எங்கிருந்து வரணும்னு சொல்லல” என்றேன். ஆணையர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்தக் கிழக்குச் சுவரோரத்தில்தான் மனுக்காரம்மா பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு மடக்கு மேசை, ஒரு குடை. எங்களுக்கு வரும் மனுக்களில் முக்கால்வாசி அவர் எழுதியவை. கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண்களுக்கும் அந்த மேசைதான் சோறு போடுகிறது. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிய மறுநாள், தனக்காக ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தார்.

“சதுக்கத்துலயே வேற ஒரு மூலை குடுங்கன்னு கேட்டிருக்கேன் சார்.”

“முகவரி தப்பும்மா.”

“என்ன தப்பு?”

“கிழக்குச் சுவரோரம், சதுக்கம்னு போட்டிருக்கீங்க. நாலாவது தெரு திறக்கற வரைக்கும் இது சதுக்கம் கிடையாது. இல்லாத இடத்துலேர்ந்து மனு வாங்க விதி இல்ல.”

“சரி, திறந்தப்புறம் குடுக்கறேன்.”

“திறந்தப்புறம் சுவர் இருக்காதே. நீங்களும் அங்க இருக்க மாட்டீங்க.”

“போன மாசம் உங்க தம்பியோட தண்ணி இணைப்புக்கு நான்தான் எழுதினேன். அவரும் சதுக்கம்னுதான் போட்டாரு.”

“அது போன மாசம்.”

என் குரல் அப்போது எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

தெரு திறக்கப்பட்டது. ஊரே வந்தது. ஆளுக்குப் பதினோரு எட்டு நடந்து, சுவரைத் தொட்டுவிட்டு, திருப்தியோடு திரும்பினார்கள். பலகையின் முன்னால் படம் எடுக்க வரிசை நின்றது. கடைக்காரர்கள் தங்கள் பெயர்ப் பலகைகளில் 'அசல் சதுக்கம்' என்று எழுதிக்கொண்டார்கள். வெளியூர்ச் சம்பந்திகளிடம், “எங்களுக்கு நாலு தெருவும் உண்டு” என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

மறுநாள் காலை மனுக்காரம்மா மடக்கு மேசையை நான்காவது தெருவுக்குள் போட்டார். வண்டி வராது, வெயில் அடிக்காது. அங்கே போக யாருக்கும் வேலை இல்லாததால் யாருக்கும் இடைஞ்சலும் இல்லை. எனக்கும் நிம்மதியாக இருந்தது. நான் கெடுதல் செய்யவில்லை, நல்லதுதான் செய்திருக்கிறேன் என்றுகூட ஒரு வாரம் நம்பினேன்.

எட்டாம் நாள் கடைக்காரர்கள் கூட்டமாக வந்து ஒரு மனுவை நீட்டினார்கள். மேசை தெருவை அடைக்கிறது. அடைத்த தெரு தெருவாகாது. அதனால் தெருக்கள் மூன்றாகி, சதுக்கம் சதுக்கமாக இல்லாமல் போய், ஊரின் கௌரவம் கெடுகிறது. ஆகவே அந்த அம்மாளை உடனே அப்புறப்படுத்த வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. மூன்றாவது என் தம்பியுடையது.

மனு குண்டு குண்டான எழுத்தில், வரி பிசகாமல் இருந்தது.

“யாரு எழுதிக் குடுத்தா?” என்றேன்.

“வேற யாரு சார்? தப்பில்லாம எழுதறது இந்த ஊர்ல அந்தம்மா ஒருத்தர்தானே. அவங்ககிட்டதான் போனோம்.”

“எழுதிக் குடுத்தாங்களா?”

“கேட்டதைவிட நல்லாவே எழுதிட்டாங்க. கௌரவம்ங்கற வார்த்தைகூட அவங்க போட்டதுதான்.”

பிழை இருந்தால் திருப்பி அனுப்பலாம் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசைப்பட்டு, மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தேன். நாள், முகவரி, விதி எண் எல்லாம் சரியாக இருந்தன. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன்.