மீசைக்குமேல் முக்காடு

காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டக் கூப்பிட்டபோது, மீசையை எடுக்க மாட்டேன் என்று முறைத்துக்கொண்டு போனவன் நான். (அப்படியொன்றும் பெரிய மீசை இல்லை, வீறாப்புத்தான் பெரிது.) அந்த மீசை மடுல்சீமை தோட்டத்தில் எப்படிச் சந்தி சிரித்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

பதுளைக்கு ரயில் வராத காலம். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி குதிகாலில் இறங்கி, நான் லயத்து வீட்டில் முடங்கிக் கிடந்தேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவிக்கும் காய்ச்சல்.

"வீட்டுல குந்திக்கிட்டு ஒரு புள்ளையப் பாக்குறது ஒரு வேலையா? நீ மலைக்குப் போ புள்ள" என்றேன்.

என் மனைவி மாரியாயி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் ஆறு மாதச் செல்லம்மா கத்தத் தொடங்கினாள். கஞ்சித்தண்ணீர் கொடுத்தேன், என் முகத்தில் துப்பினாள். பாடினேன், பக்கத்துக் காம்பராவின் கோழிகள் எழுந்து ஓடின. கடைசியில் கொடியில் கிடந்த மாரியாயியின் சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பிள்ளையை மடியில் போட்டு ஆட்டினேன். தாய் வாசனை! பிள்ளை கண் சொருகியது.

அப்போதுதான் வேலைக்குப் போகாதவர்களை விரட்டும் கணக்கப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். என் முதுகுதான் அவருக்குத் தெரிந்தது.

"ஏ புள்ள மாரியாயி! காலையில ஆள் கூடுற பெரட்டுக்கு வராம இங்க என்ன தாலாட்டு?"

வாயைத் திறந்தால் பிள்ளை விழித்துவிடும். திரும்பினால் மீசை தெரிந்துவிடும். போங்கள் என்று கையை மட்டும் ஆட்டினேன்.

"எனக்கே கையாட்டுறியா? நாளைக்குத் தொரை முன்னாடி நிறுத்துறேன் பாரு!"

சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பிள்ளையோடு நொண்டிக்கொண்டு போனேன். அங்கே எல்லார் முன்பாகவும் மாரியாயி அழுதுகொண்டு நின்றாள்.

"புள்ள மேல சத்தியமா காலையிலருந்து மலையிலதாங்க இருந்தேன்!"

"நான் வந்துட்டுப் போன பொறவு ஓடிவந்து சேந்துக்கிட்டு, சத்தியம் வேற பண்ணுறியா பொய்க்காரி?"

மலையில் வேலை வாங்கிய கங்காணியைக் கேட்டால், "பனி மூட்டத்துல யாருங்க தெரிஞ்சாங்க?" என்று நழுவிவிட்டார்.

உடனே பாய்ந்துபோய் உண்மையைச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. மூன்று பேர் கொழுந்து நிறுத்து முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, சேலையை நினைத்து அல்ல, அந்த மௌனத்தை நினைத்து. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது தாங்க முடியவில்லை.

"ஐயா, அது நாந்தாங்க."

"பொண்டாட்டியக் காப்பாத்தப் புளுகாத. எனக்குப் பொம்பளையத் தெரியாதா?"

வேறு வழி? பிள்ளையைச் சுற்றியிருந்த சேலையை உருவி முக்காடு போட்டேன். கணக்கப்பிள்ளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலை நீட்டிப் பிள்ளையை மடியில் போட்டு ஆட்டினேன். சிணுங்கிக்கொண்டிருந்த செல்லம்மா அந்தக் கணமே தூங்கிப்போனாள்.

கணக்கப்பிள்ளை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"அதே முதுகுதான்" என்றார்.

கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு தேயிலை ஸ்டோர் தகரக் கூரையில் இடித்துத் திரும்பியது. அழுத கண்ணோடு மாரியாயியும் சிரித்தாள். அதற்குப்பின் கணக்கப்பிள்ளை லயத்துப் பக்கம் வந்தால், முதலில் வாசலில் நின்று, "உள்ள இருக்கிறது மீசையா, மூக்குத்தியா?" என்று கேட்பார்.

செல்லம்மாவுக்கு இப்போது ஒரு மகன். அவன் தூங்காமல் அடம்பிடித்தால் அவள் என்னைத்தான் தேடி வருகிறாள். தன் சேலையொன்றை எடுத்து என் மடியில் போடுகிறாள், அவ்வளவுதான். நானும் போர்த்திக்கொள்கிறேன். முதலில் கதவைச் சாத்திவிட்டு.