ஐந்தாவது வேட்டி

வானத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளும் மனிதர் கடலூர் மாவட்டத்திலேயே ஒருவர்தான் இருந்தார். எங்கள் ஆபீசில் அவருக்கு விண்வெளியார் என்று பெயர்.

2008 வாக்கில் சிதம்பரத்தில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு, பிச்சாவரம் பக்கம் எங்கே மரம், எங்கே சேறு, எங்கே பறவையும் நீர்நாயும் தங்கும் என்று வரைபடம் போடுவது வேலை. செயற்கைக்கோள் நம் ஊரைக் கடக்கும் நாளென்றால் விண்வெளியார் இஸ்திரி போட்ட சட்டையில்தான் வருவார்.

"மேலேருந்து படம் எடுக்குறான்ல, அழுக்காவா நிக்கிறது?"

அந்தப் படத்தில் யானையே நின்றாலும் கடுகளவுதான் தெரியும் என்று சொன்னால், "கடுகுன்னா சுத்தமா இருக்கக் கூடாதா?" என்று சண்டைக்கு வருவார்.

படமும் தரையும் பொருந்துகிறதா என்று பார்க்க, தெரிந்த இடங்களில் பெரிய வெள்ளைத் துணி விரித்து வைப்போம். படத்தில் அது வெள்ளைப் புள்ளியாக விழும். விண்வெளியார் ஆபீசில் எல்லோருடைய வேட்டிகளையும் பிடுங்கி நான்கு விரிப்புகளாகத் தைத்துவிட்டார். என் கல்யாண வேட்டியும் அதில் போயிற்று.

நான்கு மேடுகளில் விரித்தோம். படம் வந்தது. ஐந்து புள்ளிகள் இருந்தன.

விண்வெளியார் எண்ணினார். நான் எண்ணினேன். டீ கொண்டுவந்தவரும் எண்ணினார். ஐந்துதான். ஐந்தாவது யாருடைய வேட்டி என்று நான் ஆபீசைச் சுற்றிப் பார்த்தேன். விண்வெளியாருக்கு வேறு கவலை. ஐந்தாவது புள்ளி விழுந்த இடம் பழைய மங்கல் படத்தில் வெளுப்பாகத் தெரிந்ததால், 'உயிரில்லாத உப்புத் திட்டு' என்று எழுதிக்கொடுத்தவர் அவரேதான். அதை நம்பி இறால் பண்ணைக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் பொக்லைன் இறங்கப் போகிறது.

படகுக்காரர் கலியபெருமாளிடம் படத்தைக் காட்டினோம். அவர் முகம் மாறியது.

"அந்தப் பக்கம் நாங்க போறதில்ல சார். மரமெல்லாம் வெளுத்துப் போயி நிக்கும். பட்டப்பகல்லயே முனகல் கேக்கும். சுனாமியில போனவுங்க அங்கதான் வேட்டி காயப் போடுறாங்கன்னு ஊர்ல சொல்லுவாங்க."

"நீங்க அத நம்புறீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க மாமாவும் சுனாமியிலதான் போனாரு சார். வெள்ள வேட்டிதான் கட்டியிருந்தாரு."

நான் படத்தை மடித்து வைத்தேன். விண்வெளியார் மட்டும், "வாங்க, பாத்துட்டே வந்துருவோம். தப்பா எழுதியிருந்தா நான்தான சொல்லணும்," என்றார்.

வாய்க்கால் குறுகிக்கொண்டே போனது. காற்று நின்றுவிட்டது. முதலில் ஒரு வாடை வந்தது. பிறகு முனகல், நிறையப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல. கலியபெருமாள் துடுப்பை விட்டுவிட்டுக் கும்பிட்டார். நான் விண்வெளியாரின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

திருப்பத்தில் மரங்கள் நின்றன. இலை, கிளை, வேர் எல்லாமே சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை. ஒரு கிளை மெல்லக் கழுத்தை நீட்டியது. அப்புறம் எல்லாக் கிளைகளும் நீட்டின.

கொக்கு! நாரை! கூடு கூடாகக் குஞ்சுகள், அவைதான் முனகிக்கொண்டிருந்தன. எச்சம் விழுந்து விழுந்து அந்தத் திட்டே வெளுத்திருந்தது.

விண்வெளியாரின் தலையிலும் முதுகிலும் பொத்துப் பொத்தென்று விழுந்தது. அவர் துடைக்கவில்லை. படகில் எழுந்து நின்று, "உங்களையா உயிரே இல்லன்னு எழுதிட்டேன்? மன்னிச்சிருங்க," என்று குஞ்சுகளைப் பார்த்துக் கைகூப்பினார்.

மறுநாள் அதிகாரிகள் கூட்டத்துக்கு அதே சட்டையோடு போனார். "என் வரைபடம் தப்பு சார். சாட்சி முதுகுல இருக்கு," என்று திரும்பி நின்று காட்டினார். பொக்லைன் இறங்கவில்லை.

ஆனால் நான் அவரை நினைத்துக்கொள்வது அதற்காக இல்லை. அன்று முனகல் குஞ்சுகளுடையது என்று தெரிந்த பிறகும் கலியபெருமாள் படகைத் திருப்பாமல் ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். விண்வெளியார், "போகலாம்," என்று சொல்லவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கூடவே ஒரு வெள்ளை வேட்டியைத் தேடினார்.