உச்சிப்படி எச்சரிக்கை

"இன்னொருத்தர் விழுந்துட்டாராம்" என்றார் மேனேஜர். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

லேபிள்காரர் பேனாவைக் கீழே வைத்தார். மடக்கு ஏணி செய்யும் கம்பெனியில் எச்சரிக்கை வாசகம் எழுதுவது அவர் வேலை. 'உச்சிப்படியில் நிற்காதீர்' என்று எழுதி, அதை உச்சிப்படியிலேயே ஒட்டவைத்தவரும் அவர்தான். ஆபத்து எங்கேயோ எச்சரிக்கையும் அங்கே என்பது அவர் கொள்கை. முன்பெல்லாம் இத்தனை புகார் வந்ததில்லை. ஜனங்களுக்கு வரவர நிதானமே போய்விட்டது என்று நொந்துகொண்டார்.

கம்பெனி வக்கீல், எல்லா ஆபத்தையும் எழுதிவிட்டால் வழக்கு நிற்காது என்றார். ஈரச் செருப்பு, தலைசுற்றல், பக்கத்து ஜன்னல் காற்று எல்லாம் சேர்ந்து வாசகம் அனுமார் வாலாக நீண்டது. எழுத்து எறும்பாகச் சுருங்கியது. முன்னைவிட அதிகம் பேர் விழுந்தார்கள்.

சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மனைவிக்கே பாவமாக இருந்தது.

"இப்படி எழுதினா யாருங்க படிப்பாங்க? நானே படிக்க மாட்டேன். உள்ள என்னமோ இருக்குன்னு கொஞ்சம் ஆசை காட்டணும்."

மறுநாளே ஆசை காட்டினார். 'இதைப் படிக்காதவர் பின்னால் வருந்துவார்' என்று தலைப்பு மட்டும் கொட்டை எழுத்தில், சிவப்பில். அதன் கீழே பழைய எறும்புகள். மேனேஜர் பிரமாதம் என்று கைகுலுக்கினார். புகார்கள் குவிந்ததும் அதே கை வாசலைக் காட்டியது. இன்னும் ஒரே ஒருவர் விழுந்தால் வேலை போய்விடும்.

விழுந்துவிட்டார்.

லேபிள்காரர் பழப்பையோடு அவர் வீட்டுக்கே போனார். கூடத்தின் நடுவே ஏணி விரித்தபடி நின்றது. பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு வீட்டுக்காரர் படுத்திருந்தார். பார்த்ததும் லேபிள்காரருக்குத் துக்கமும் கோபமும் சேர்ந்து வந்தன.

"அவ்வளவு பெருசா எழுதியிருந்தோமே சார். பல்பு மாட்டுற அவசரத்துல படிக்காம ஏறிட்டீங்களா?"

வீட்டுக்காரர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"பல்பு மாட்ட எலக்ட்ரீஷியன் வர்றதா இருந்தாருங்க. எனக்கு ஏணின்னாலே பயம். கீழேருந்து தலைப்பு மட்டுந்தான் தெரிஞ்சுது, மிச்சத்தைப் படிக்கத்தான் ஏறினேன்."